பெயர் போடாத பிரபுவின் மெட்டு

அந்த வயலின்காரர் முதல் நாளே என்னைக் கோழி என்று கூப்பிட்டார்.

தேத்தண்ணிக் கோப்பையை அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் வைத்தேன். "தாங்க்யூ, ஹென்" என்றார். ஹென் என்றால் கோழி. அவ்வளவு ஆங்கிலம் எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். படம் போட்ட புத்தகத்தில் கோழியும் இருந்தது.

வீட்டுக்கு வந்து மச்சாளிடம் சொன்னேன். மச்சாள் என் அண்ணையின் மனைவி. அவர்களோடுதான் அப்போது இருந்தேன்.

"அந்தக் கிழவன் என்னைக் கோழி எண்டுறான், மச்சாள்."

"முட்டை கேட்டவனோ?"

அண்ணை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் எனக்குச் சிரிப்பு வராது. அழுகையும் வராது. லண்டன் குளிரில் விரல் விறைத்தால் ஊசி குத்தினாலும் தெரியாது. முழு ஆளும் அப்படித்தான் இருந்தேன்.

ஸ்கொட்லாந்துக்காரர் பெண்பிள்ளைகளை அன்பாக அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று பிறகு தெரிந்தது. நாங்கள் 'பிள்ளை' என்று சொல்வது போல.

லண்டன் ஆர்ச்வேயில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு மண்டபம் இருந்தது, ஹோல் என்பார்கள். அதைக் கூட்டித் துடைப்பது என் வேலை. எண்பதுகளின் கடைசிப் பக்கம். ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்னேரம் ஸ்கொட்லாந்து ஆட்டம் ஆட ஆட்கள் வருவார்கள். பாதிப்பேர் ஸ்கொட்லாந்து. மற்றவர்கள் இங்கிலீஷ்காரர். எல்லாரும் வயதானவர்கள். தெருச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மெல்லிய தோல் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆடுவார்கள். அது எனக்குப் பிடித்தது. நிலம் ஊத்தையாகாது.

நான் கதிரைகளைச் சுவர் ஓரமாக அடுக்குவேன். பெரிய கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைப்பேன். பிறகு கதவடியில் நிற்பேன். ஆட்டம் முடியும்வரை எனக்கு வேறு வேலை இல்லை.

வயலின்காரர் நின்றுகொண்டு வாசிப்பார். எங்கள் பக்கத்தில் நிலத்தில் இருந்து வாசிப்பார்கள். அது ஒன்றுதான் எனக்கு வித்தியாசமாகத் தெரிந்தது. இசை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சில மெட்டு தையல் மெஷின் ஓடுவது போல இருக்கும். சிலது மெதுவாக, விக்கல் எடுத்தது போல வெட்டி வெட்டிப் போகும். கேட்டுக்கொண்டு நின்றேன். மனதில் ஒன்றும் வரவில்லை. காது கேட்டது, அவ்வளவுதான்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவர் என்றால் என் கணவர். நான் பெயர் சொல்வதில்லை. எங்கள் ஆட்களில் மனைவி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள்.

இவர் ஊரில் லொறி ஓட்டினவர். ஒரு நாள் காலை சைக்கிள் டயருக்குக் காற்று நிற்கவில்லை என்று ஒட்டுப்போடச் சந்திக் கடைக்குக் கொண்டு போனார். சந்தியில் ஆமி சுற்றிவளைத்தது. கடையில் நின்ற ஆம்பிளைகளை எல்லாம் ட்ரக்கில் ஏற்றினார்கள். சிலரைப் பிறகு விட்டார்கள். இவரை விடவில்லை. எங்கே என்று கேட்டால், அப்படி ஒரு ஆள் இல்லை என்றார்கள். சைக்கிளை மூன்றாம் நாள் கடைக்காரர் உருட்டிக்கொண்டு வந்து தந்தார். ஒட்டுப் போட்டிருந்தது. காற்று நின்றது.

இவருடைய பெயரைத் துண்டில் எழுதிக்கொண்டு இரண்டு வருடம் ஆமி முகாம் முகாமாகப் போனேன். பிறகு அண்ணை என்னை லண்டனுக்கு எடுத்தார்.

இங்கே அகதி விசாரணையில் புருஷன் பெயர் கேட்டார்கள். நான் பேசாமல் இருந்தேன். மொழிபெயர்க்க வந்தவர் இந்தியத் தமிழர். "பேர் சொல்லும்மா, இல்லேன்னா பொய்னு நினைப்பாங்க" என்றார். பேப்பர் வாங்கி எழுதிக் கொடுத்தேன். அதிகாரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அந்த மாரிகாலத்தில்தான் ஹோலில் பேய்க் கதை நடந்தது.

அந்த ஆட்டத்துக்கு நாலு சோடி வேண்டும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, எதிர் எதிராக நிற்பார்கள். ஒரு சனிக்கிழமை மூன்றாவது சோடியில் ஆணைக் காணவில்லை. அவருடைய மனைவி, ஒரு தடித்த அம்மா, மட்டும் வந்து தன் இடத்தில் நின்றா. எதிரில் இடம் வெறுமையாக இருந்தது. ஆட்டம் பழக்குகிற டீச்சர் உயர்ந்த மெலிந்த மனுசி. கையைத் தட்டிச் சொன்னா: அந்த இடத்தில் கோஸ்ட் நிற்கிறது, இடித்துவிடாதேங்கோ.

கோஸ்ட் என்றால் பேய்.

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் பயப்படவில்லை. வயலின் தொடங்கியது. தடித்த அம்மா வெறும் காற்றுக்குக் கையைக் கொடுத்தா. சுற்றினா. காற்றைப் பார்த்துச் சிரித்தா. மற்றவர்களும் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் போனார்கள். ஒருவரும் மிதிக்கவில்லை.

நான் கதவுக்கு வெளியே போய் நின்றேன்.

அடுத்த சனியும் அப்படித்தான். அதற்கடுத்த சனி நான் கொஞ்சம் முந்திப் போனேன். மணிபேர்சில் கோயில் திருநீறு இருந்தது. பேய் நிற்கும் இடத்தில் ஒரு பிடி போட்டேன். தேவாலயத்து ஹோலில் போடலாமா என்று யோசிக்கவில்லை. பேய்க்கு எந்தச் சமயம் என்று யாருக்குத் தெரியும்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான். தடித்த அம்மா சுற்றும்போது கால் அந்தப் பக்கம் போய்ச் சறுக்கியது. கதிரையைப் பிடித்துக்கொண்டா. விழவில்லை. வயலின் நின்றது.

"ஆர் இதிலை பவுடர் கொட்டினது?" டீச்சர் கேட்டா. அவர்கள் பேசியது ஆங்கிலம். எனக்கு விளங்கினபடி என் தமிழில் எழுதுகிறேன்.

"நான்" என்றேன்.

"ஏன்?"

"பேய்க்கு."

"எந்தப் பேய்?"

"நீங்கள் சொன்ன பேய்."

ஆட வந்தவர்கள் சிரித்தார்கள். தடித்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்து சிரித்தா. "என்ரை மனிசனைப் பேயாக்கிப்போட்டாய், அவருக்கு முழங்கால் ஒப்பரேஷன் மட்டும்தான் பிள்ளை!" டீச்சர் சிரிக்கவில்லை. பாதிரியாரிடம் சொல்ல வேண்டி வரும் என்றா. வேலை போகும் என்று நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன். தும்புக்கட்டையையும் ஈரத் துணியையும் எடுத்து வந்து துடைத்தேன்.

தேத்தண்ணி நேரம் வயலின்காரர் நான் கோப்பை கழுவுகிற குசினி வாசலுக்கு வந்தார். டீச்சரிடம் தான் கதைத்துவிட்டதாகச் சொன்னார். பாதிரியாருக்குப் போகாது.

அவருடைய ஆங்கிலம் அங்கே நின்ற இங்கிலீஷ்காரருக்கே பாதி விளங்காது. அதனால் எனக்கு வெட்கம் இல்லை. அவர் 'யெஸ்' என்று சொல்ல மாட்டார். 'ஐ' என்பார். நான் 'ஓம்' என்பேன். இரண்டும் ஒன்றுதான் என்று போகப்போகக் கண்டுகொண்டோம்.

"பேய் இல்லை, கோழி" என்றார். "வராத ஆளை அப்படிச் சொல்லுறது. ஆள் இல்லாட்டிலும் அவரின்ரை இடம் இருக்கு. அவரின்ரை முறையும் இருக்கு."

"ஆள் இல்லாட்டி ஏன் முறை?"

"விட்டுப்போட்டு ஆடினால் எல்லாருக்கும் பிழைக்கும். ஒருத்தர் முந்திப் போவார், ஒருத்தர் முட்டுவார். அவருக்கு உரிய எண்ணிக்கையைக் குடுக்க வேணும். குடுத்து முடிஞ்சால்தான் அடுத்த சோடி தொடங்கலாம்."

"ஓம்" என்றேன்.

"ஐ" என்றார்.

இன்னொரு நாள் அவருடைய மெட்டுப் புத்தகத்தைக் காட்டினார். பழைய புத்தகம் ஒன்றின் போட்டோக்கொப்பி. அவர் அதிகம் வாசித்தது அதிலிருந்துதான். மெட்டுகளைச் செய்தவர் ஸ்கொட்லாந்தில் ஒரு பிரபுவாம். இருநூறு வருடத்துக்கு முந்தின ஆள். கோட்டை, காணி, குதிரை எல்லாம் இருந்ததாம். சண்டைக்கும் போனவராம். வந்து தன் வீட்டு விருந்துகளில் ஆடுவதற்கு வயலின் மெட்டுகள் செய்தாராம். ஒவ்வொரு மெட்டுக்கும் யாரோ ஒரு சீமாட்டியின் பெயர். முன் பக்கத்தில் செய்தவரின் பெயர் மட்டும் இல்லை. ஒரு கனவான் செய்தது என்று மட்டும் போட்டிருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினார்.

"ஏன் பேர் போடேல்லை?"

"பிரபுக்கள் போடமாட்டினம். புத்தகக் கடையிலை தன்ரை பேர் கிடக்கிறது மரியாதை இல்லையாம். ஆனால் எல்லாருக்கும் தெரியும் ஆரெண்டு."

"நாங்களும் அப்படித்தான்" என்றேன். "புருஷன்ரை பேர் சொல்லமாட்டம்."

"ஏன்?"

"மரியாதை."

"பேந்து ஆரெண்டு எப்பிடித் தெரியும்?"

"தெரியும்."

அவர் தலையாட்டினார். என் புருஷன் எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ தெரியாது.

அடுத்த இளவேனிலில் அண்ணை கலியாணக் கதையைத் தொடங்கினார். இவர் போய் நாலு வருடம். நான் இன்னும் பொட்டு வைத்தேன். தாலியும் கழுத்தில் இருந்தது. மாமி, இவருடைய தாய், கடிதம் போட்டிருந்தா. ஒரு சாத்திரி சாதகம் பார்த்து, இவர் வடக்குத் திசையில் இருக்கிறார் என்றானாம், பொட்டை அழிக்காதே பிள்ளை என்று. அண்ணை வேறொரு சாத்திரியிடம் கேட்டாராம். அவன் ஆள் இல்லை என்றானாம்.

"உனக்கு இருபத்தெட்டு வயசு" என்றார் அண்ணை. "அந்தியேட்டிக் கிரியையைச் செய்து முடிப்பம். மிச்சத்திலை ஒருத்தர் இருக்கிறார். நல்ல மனிசன். கடை வைச்சிருக்கிறார். மனிசி செத்து மூண்டு வருஷம்."

மிச்சம் என்பது தெற்கு லண்டனில் ஒரு இடம்.

"மிச்ச வாழ்க்கையை மிச்சத்திலை வாழட்டுமன்" என்றா மச்சாள். சொல்லிவிட்டுத் தானே சிரித்தா.

"எனக்கு மனிசன் இருக்கு" என்றேன்.

"எங்கை இருக்கு?"

"தெரியாது."

"தெரியாதெண்டால் இல்லையெண்டுதான் அர்த்தம்."

நான் பேசவில்லை. பேசாமல் இருந்ததை அண்ணை சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். ஐயருடன் பேசி ஒரு சனிக்கிழமையைக் குறித்தார். உடம்பு இல்லாதபடியால் தர்ப்பைப் புல்லால் உரு செய்து, அதைக் கொளுத்தி, மற்றக் கிரியைகளையும் அன்றே முடிப்பதாக ஏற்பாடு. தர்ப்பைக்கும் எள்ளுக்கும் அப்டன் பார்க் கடைகள் வரை போய் வந்தார். என் நன்மைக்குத்தான் செய்தார். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

அந்தச் சனி காலையில் தலை முழுகினேன். சேலை உடுத்தேன். முன் அறையில் மச்சாள் வாழையிலை விரித்துக்கொண்டிருந்தா. ஐயர் மத்தியானம் வருவார். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். யோசித்துச் செய்யவில்லை. சனிக்கிழமை, ஹோல் திறக்க வேண்டும் என்று கால் போய்விட்டது.

கதிரை அடுக்கினேன். கேத்தலைப் போட்டேன். ஆட்கள் வந்தார்கள். தடித்த அம்மா வந்தா. பின்னால் ஒரு நரைத்த மனிசன் தடியோடு வந்தார். தடியைச் சுவரில் சாத்திவிட்டு மூன்றாவது இடத்தில் நின்றார். எல்லாரும் ஒரு தரம் பார்த்தார்கள். இடம் இருந்தது, வந்தார், நின்றார்.

வயலின் தொடங்கியது. பிரபுவின் மெட்டு, விக்கல் எடுக்கிற மாதிரியான ஒன்று. அவர்களுடைய முறை வந்தபோது தடித்த அம்மா கையை நீட்டினா. மாரிகாலம் முழுக்க நீட்டின அதே கை, அதே உயரம். இந்த முறை மற்றக் கை வந்து பிடித்தது. அவ ஒரு அடி பிசகினா. வயலின்காரர் அவவின் காலைப் பார்த்துக்கொண்டு மெட்டைக் கொஞ்சம் இழுத்தார். அவ திரும்ப அடியைப் பிடித்தா.

எனக்கு அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஐயர் போய்விட்டார். வாழையிலை ஓரம் வதங்கி இருந்தது. தர்ப்பை உரு ஒரு பேப்பரில் கிடந்தது. ஒரு சாண் நீளம். கை, கால் வைத்துக் கட்டியிருந்தார்கள். அண்ணை கதிரையில் இருந்தார்.

"ஆக்களுக்கு முன்னாலை என்னை வெட்கப்படுத்திப்போட்டாய்."

"அவரின்ரை முறை முடியேல்லை அண்ணை."

"என்ன முறை? என்ன கதைக்கிறாய்?"

"காணாமல் போன ஆளுக்குப் பன்னிரண்டு வருஷம் பாக்க வேணும் எண்டு ஐயரும் சொன்னவர். நான் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான். நீங்கள்தான் வேண்டாம் எண்டனியள்."

"அது அந்தக் காலத்துச் சட்டம். காசிக்கு நடந்து போன ஆக்களுக்கு. இவனை ஆமி பிடிச்சது."

"ஆர் பிடிச்சாலும் பன்னிரண்டுதானே."

"பன்னிரண்டு வருஷத்திலை உனக்கு என்ன வயசு?"

"முப்பத்தாறு. நாலு வருஷம் ஏற்கெனவே போட்டுது."

"பேந்து?"

"பேந்து செய்யுங்கோ."

அண்ணை எழும்பி அறைக்குள் போனார். மச்சாள் உருவைப் பேப்பரோடு சுற்றினா. குப்பையில் போடுவதா, வைப்பதா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றா. கடைசியில் அலுமாரிக்கு மேல் வைத்தா. அண்ணை என்னோடு ஐந்து மாதம் கதைக்கவில்லை. உப்பு வேண்டுமென்றால் மச்சாளிடம் சொல்வார். மச்சாள் என்னிடம் சொல்வா. உப்பு என் கைக்குப் பக்கத்தில் இருக்கும். மிச்சத்துக் கடைக்காரர் வேறு இடத்தில் கலியாணம் முடித்தார். இரண்டு பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன்.

பிறகு வருடங்கள் போயின. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வேலைக்குப் போனேன். வந்தேன். காலையில் பொட்டு வைத்தேன். ஊரில் இருந்து போன் எடுக்க ஏலாது, கடிதம் மட்டும் வரும். உறையைக் கிழிக்கும்போது முதலில் எழுத்தைப் பார்ப்பேன். மாமியின் எழுத்தாகவே இருந்தது. பிறகு மாமியின் எழுத்தும் நின்றது.

தொண்ணூறுகளில் வயலின்காரருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. வில் இரண்டாம் கம்பியில் பட்டுக் கீச்சிடும். ஒரு சனி அவர் வரவில்லை. மகளோடு இருக்க ஸ்கொட்லாந்துக்குப் போய்விட்டார் என்று டீச்சர் சொன்னா. அதற்கு முந்தின சனி அவர் என்னிடம் சொன்னது வழக்கமான ஒன்றுதான். "தாங்க்யூ, ஹென்."

அதன் பிறகு காசெற் போட்டு ஆடினார்கள். அதே பிரபுவின் மெட்டுகள்தான். யாரோ ஒரு பெரிய கூட்டம் வாசித்துப் பதிந்தது. நல்ல துப்புரவான வாசிப்பு. ஆனால் காசெற் ஒருவருடைய காலையும் பார்க்காது. யாராவது பிசகினால் அது பாட்டுக்குப் போகும். ஆட்கள் குறையும்போது கோஸ்ட்டுக்கு இடம் விட்டார்கள். அந்த இடத்தை நான் முழுக்கத் துடைப்பேன். பயம் ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு வருடம் முடிந்தது. அண்ணை ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் போய்ச் சொன்னேன்.

"அண்ணை, ஐயரைக் கூப்பிடுங்கோ."

அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மடித்து வைத்தார். "உண்மையாவோ?"

"ஓம்."

"ஏதும் செய்தி வந்ததோ?"

"இல்லை. முறை முடிஞ்சுது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அலுமாரிக்கு மேலே பழைய உரு இருக்கிறது என்று மச்சாள் சொன்னா. ஐயர் புதிதாகச் செய்ய வேண்டும் என்றார். அண்ணைதான் கிரியை செய்தார். அறைக்குள் புகை வரும் என்று ஸ்மோக் அலாரத்தின் பற்றறியைக் கழற்றி யன்னலில் வைத்தார்.

ஐயர் எள்ளும் தண்ணீரும் கையில் விட்டு, பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

அண்ணைக்கு இவரைப் பெயர் சொல்லிப் பழக்கம்தான். ஆனால் வாய் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. புகையாகவும் இருக்கலாம்.

நான் பின்னால் சுவரோடு இருந்தேன். சொன்னேன். சத்தமாக வாயால் சொன்னது அதுதான் முதல் தரம். ஐயருக்கு வடிவாகக் கேட்கவில்லை.

"என்ன பேர் சொன்னனியள் பிள்ளை?"

திரும்பவும் சொன்னேன். நட்சத்திரத்தையும் சொன்னேன். இங்கே எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

உருவை அலுமினியத் தட்டில் வைத்துப் பின் வாசலில் கொளுத்தினார்கள். புல் கெதியாய் எரிந்து முடிந்தது. மச்சாள் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தாலியைக் கழற்றினா. கொழுக்கி இறுகியிருந்தபடியால் நேரம் எடுத்தது. நெற்றியையும் அவவே துடைத்துவிட்டா. ஒருவரும் கத்தி அழவில்லை. ஐயருக்கு வேறு வீடு இருந்தது, போனார்.

அண்ணை கதிரையில் ஏறிப் பற்றறியைத் திரும்பப் போட்டார். அலாரம் ஒரு தரம் கத்தியது. பிறகு அடங்கியது.